கடலூரில் கைமாறிய கடற்படையினர்: 1782ஆம் ஆண்டுக் கைதி ஒப்படைப்பும் ஊதிய உரிமையும்

முன்னுரை

1782ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் தம் பொறுப்பிலிருந்த ஆங்கிலேயக் கைதிகளைக் கடலூரில் ஹைதர் அலியின் ஆட்களிடம் ஒப்படைத்தார். அவர்களின் தொகை நானூறு என்றும் ஐந்நூறு என்றும் நூல்கள் வேறுபடக் கூறுகின்றன. அவருள் பெரும்பகுதியினர் ஆங்கிலேய அரசக் கடற்படையின் ஹானிபல் கப்பலிலும் பிற கப்பல்களிலும் பிடிபட்ட மாலுமிகள். கடலூரிலிருந்து அவர்கள் தெற்கே சிதம்பரத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அங்கிருந்து பெங்களூருக்கும், இளையோர் சிலர் சீரங்கப்பட்டணத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியை இதுவரை எழுதியோர் பெரும்பாலும் ஒரே வினாவையே எழுப்பியுள்ளனர்: சுஃப்ரேன் செய்தது கொடுமையா, அன்றி வேறு வழியின்மையா? மார்க் வில்க்ஸ் தமது தென்னிந்திய வரலாற்றில் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் உணவுப் பற்றாக்குறையையும் சென்னை அரசின் தாமதத்தையும் சுட்டித் தம் தலைவருக்காக வாதாடினர். ஒரு தலைவரின் நற்பெயரைப் பற்றிய இவ்வழக்கு இருநூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. ஒப்படைக்கப்பட்ட மாலுமி அந்நாளில் எதனை இழந்தான் என்னும் வினா அதனுள் மறைந்துபோயிற்று. அவன் இழந்தது விடுதலையை மட்டுமன்று. கடற்படைப் பணியாள் என்னும் சட்டநிலையும் அந்நிலையைச் சார்ந்த ஊதியம், பராமரிப்பு, மாற்றிக்கொள்ளப்படும் உரிமை ஆகியனவும் அவனுக்கு எட்டாதனவாயின. தன் விருப்பமின்றிப் படைப்பணியிலிருந்து பிரிக்கப்பட்ட மாலுமிக்கு அரசு என்ன கடன்பட்டுள்ளது என்பதற்கு அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விடை இருந்தது. அவ்விடை கடலூர்க் கரையில் ஏன் பயனற்றுப்போயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கப்பலும் கரையும்

ஹானிபல் 1779இல் கடலில் இறக்கப்பட்ட, ஐம்பது பீரங்கிகள் கொண்ட கப்பல். அலெக்சாண்டர் கிறிஸ்டி அதன் தலைவர். இந்தியக் கடலுக்கு வந்துகொண்டிருந்த அது 1782 சனவரியில் பிரெஞ்சுக் கப்பல் கூட்டத்தின் நடுவே அகப்பட்டுச் சரணடைந்தது. அடுத்த மாதமே பிரெஞ்சுக் கப்பல் கூட்டத்தின் தலைமை, தோர்வ் இறந்ததனால், சுஃப்ரேனிடம் வந்தது. கைதிகளும் அவர் பொறுப்பாயினர்.

அவ்வாண்டு பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் நடந்த போருக்குப் பின் சுஃப்ரேன் பரங்கிப்பேட்டைக்கு வந்து, துஷெமேன் தலைமையிலான தரைப்படையை இறக்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளிடம் பணிந்தது. ஆங்கிலேயக் கும்பினியாருக்கு 1690 முதல் நிலைக்களமாயிருந்த ஊர் அது. ஆயினும் அதன் வலிமைக்குக் காரணமாயிருந்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை 1758இல் லாலியின் படை கைப்பற்றித் தகர்த்திருந்தது. ஆகவே 1782இல் சுஃப்ரேனுக்குக் கிடைத்தது பெருங்கோட்டையன்று. நங்கூரமிடவும் உணவு ஏற்றவும் நோயாளிகளை இறக்கவும் உதவும் ஒரு கரை மட்டுமே.

சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரருக்கு அப்போது வேறு துறை இல்லை. புதுச்சேரி 1778இலேயே வீழ்ந்திருந்தது. திருகோணமலை ஆகஸ்டு இறுதியில்தான் அவர்கள் கைக்கு வந்தது. பழுதுபார்க்கவும் கைதிகளை அடைக்கவும் ஏற்ற தளமான மொரீசியசு பல வாரப் பயணத் தொலைவில் இருந்தது. ஏப்ரல் 12, சூலை 6, செப்டம்பர் 3 என ஆறு மாதத்துக்குள் மேலும் மூன்று கடற்போர்களை நடத்திய கப்பல் கூட்டத்துக்கு ஆட்பஞ்சம் மிகுந்திருந்தது. கடலூரிலிருந்து தரைப்படையினரையும் சிப்பாய்களையும் கப்பலில் ஏற்றியே சுஃப்ரேன் அதனை ஈடுசெய்தார். கைதிகளைக் காவல்காக்க ஆளில்லை, உண்பிக்கப் பொருளில்லை என்னும் அவர் கூற்றை இச்சூழலில் வைத்துப் படிக்க வேண்டும். அதற்காக அவர் செயல் நியாயமாகிவிடாது. ஆயினும் மாலுமிகளின் கதிக்கு அவர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குவது சான்றுகளோடு பொருந்தாது.

ஏனெனில் மாற்றிக்கொள்ளும் வழி ஒன்று இருந்தது. ஐரோப்பிய அரசுகளுக்கிடையே கைதி மாற்றம் என்பது அந்நூற்றாண்டில் நன்கு பழகிய நடைமுறை. மாலுமிக்கு மாலுமி, அதிகாரிக்கு அதிகாரி எனக் கணக்கிட்டுக் கைதிகளை மாற்றிக்கொள்வர். பிடித்துவைத்த காலத்துச் செலவைப் பின்னர் அரசுகள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும். சுஃப்ரேன் இம்மாற்றத்தை முன்மொழிந்தார். எதிரே ஆங்கிலேயர் தரப்பில் கடலில் எட்வர்டு ஹியூஸ், சென்னைக் கோட்டையில் ஆளுநர் மெக்கார்ட்னி, களத்தில் தனியதிகாரம் பெற்றிருந்த படைத்தலைவர் அயர் கூட் என அதிகாரம் மூன்றாகப் பிரிந்திருந்தது. மெக்கார்ட்னியும் கூட்டும் தமக்குள் பிணங்கிக்கொண்டிருந்தது அக்கால ஆவணங்களைப் படித்தோர் யாவரும் அறிந்ததே. உடன்பாடு ஏற்படவில்லை. அரசக் கடற்படை மாலுமியை மீட்பது கும்பினியின் கடமையா, மன்னரின் கடற்படைத் தலைவரின் கடமையா என்னும் தெளிவின்மை அங்கே வெளிப்பட்டது. அம்மாலுமி இரண்டு நிருவாகங்களின் விளிம்பில் நின்றான்.

சிதம்பரம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வெள்ளாற்றைக் கடந்து செல்லும் அவ்வழி, முந்தைய ஆண்டுப் போரில் இரு படைகளும் நடந்து தேய்த்த வழி. சிதம்பரத்தில் மைசூர்ப் படையின் அரண் என்பது நடராசர் கோயிலும் அதன் மதில்களுமே. கருநாடகப் போர்க்காலம் முதலே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறி அக்கோயிலைக் கோட்டையாக ஆண்டனர். ஹைதர் அதனை மேலும் வலுப்படுத்தினார். 1781 சூன் 18இல் அயர் கூட் அதனைத் தாக்கித் தோல்வியுற்றுப் பின்வாங்கினார். இரு வாரத்துக்குள், சூலை 1இல், பரங்கிப்பேட்டைப் போரில் வென்றார். அவ்வெற்றிக்குப் பின்னரும் சிதம்பரம் மைசூரார் பிடியில் இருந்தது என்பதற்குக் கைதிகள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டமையே சான்று.

சிதம்பரத்தில் அடைபட்டோருள் ஜேம்ஸ் ஸ்கர்ரி என்பவரும் ஒருவர். ஹானிபல் பிடிபட்டபோது அவருக்கு வயது ஏறக்குறைய பதினைந்து. பத்தாண்டுச் சிறைவாழ்வைப் பற்றி அவர் விட்டுச்சென்ற குறிப்பு, அவர் இறந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1824இல் நூலாக வெளிவந்தது. 1929இல் ஏ. டபிள்யூ. லாரன்ஸ் தொகுத்த ‘திப்புவின் கைதிகள்’ என்னும் தொகுதியிலும் அது இடம்பெற்றது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சென்ற நடையையும், அங்குக் கிடைத்த மோசமான அரிசியுணவையும், நோயாலும் சாவாலும் கைதிகள் குறைந்துவந்ததையும் அந்நூல் கூறுகிறது. அதனை முழுச் சான்றாகக் கொள்ள இயலாது. நிகழ்ச்சிகளுக்கு நெடுங்காலம் கழித்து எழுதப்பட்டது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் ஆங்கிலேய வாசகர் எதிர்பார்த்த சுவைக்கு ஏற்ப அச்சேறியது. ஆயினும் பயணத்தின் வழியும் வரிசையும் பிற சான்றுகளோடு ஒத்துள்ளன. வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிஸ்டோ 1793இல் வெளியிட்ட குறிப்பு அவ்வாறான ஒரு துணைச்சான்று.

தமிழ்ச் சான்றுகளைத் தேடுவோர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையே முதலில் நினைப்பர். அது 1761இல் முடிந்துவிடுகிறது. 1778 முதல் 1792 வரையிலான காலத்துக்குரியது இரண்டாம் வீரா நாயக்கர் நாட்குறிப்பு. கைதி ஒப்படைப்பை ஆராய்வோர் ஆங்கில நூல்களோடு அதனையும் உடன்வைத்துப் படிப்பது தேவை. கடலூர், புதுச்சேரிக் கரையின் அன்றாட வாழ்வைக் கரையிலிருந்தவர் கண்கொண்டு காணாமல் இந்நிகழ்ச்சியை எழுதினால், அது தொடர்ந்து ஐரோப்பியரின் உட்பகைக் கதையாகவே நிற்கும்.

ஊதியச் சட்டமும் அதன் நிபந்தனையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயக் கடற்படையில் ஊதியம் கப்பலோடு பிணைந்திருந்தது. கப்பல் அழிந்தால் அல்லது பிடிபட்டால் அன்றோடு மாலுமியின் ஊதியம் நின்றுவிடும். 1741இல் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் வேஜர் கப்பல் உடைந்தபோது, ஊதியம் நின்றதனால் அதிகாரிகளின் ஆணையும் தம்மேல் செல்லாது என மாலுமிகள் வாதிட்டனர். பிளவும் கலகமும் விளைந்தன. அந்நிகழ்ச்சியின் பின்விளைவாகவே 1740களின் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. 1749ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டப்படி, கப்பல் பகைவரிடம் பிடிபட்டாலும் அதன் ஆட்களுக்கு ஊதியம் தொடரும். அதற்கு இரு நிபந்தனைகள் இருந்தன. கப்பலைக் காக்க அவர்கள் இயன்றதனைத்தும் செய்தனர் என்பது படைநீதி விசாரணையில் புலப்பட வேண்டும். பிடிபட்ட பின்னரும் அவர்கள் நன்னடத்தையோடும் தம் அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிந்தும் இருந்திருக்க வேண்டும்.

இச்சட்டத்தின் நோக்கம் இரக்கமன்று, ஒழுங்கு. ஊதியம் என்னும் கயிற்றால் மாலுமியைத் தொடர்ந்து கட்டிவைப்பதே அது. ஆயினும் பணியிலிருந்து வலிந்து பிரிக்கப்பட்டவனுக்குப் பணிக்கால உரிமை தொடரும் என்னும் கொள்கை அதில் அடங்கியுள்ளது.

கடலூர் ஒப்படைப்பு இவ்விரண்டாம் நிபந்தனையைத்தான் பாதித்தது. பிரெஞ்சுக் காவலில் இருந்தவரை மாலுமிகள் கப்பற் கூட்டமாகவே இருந்தனர். மைசூர்க் காவலில் அக்கூட்டம் படிப்படியாகக் கலைக்கப்பட்டது. பெங்களூரில் வயதும் தரமும் நோக்கிப் பிரித்து, இளையோரைச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினர். கீழ்ப்படிவதற்கு அங்கே அதிகாரி இல்லை. சீரங்கப்பட்டணத்தில் அவர்களுக்கு மொட்டையடித்து, விருத்தசேதனம் செய்து, புதுப்பெயர் சூட்டி, ‘சேலா’ எனப்பட்ட படைப்பிரிவுகளில் சேர்த்தனர். ஸ்கர்ரிக்குச் சம்ஷேர்கான் என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. இவ்வாறு மாற்றுப் படையில் ஆயுதம் ஏந்தியவன் ‘நன்னடத்தையோடு’ இருந்தானா? கட்டாயத்தால் ஏந்தினான் என்பதை அவனே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கச் சான்று கூறவேண்டியவர்களோ அவனோடு அதே நிலையில் சிக்கியவர்கள். 1749இன் சட்டம் ஐரோப்பியச் சிறையொன்றைக் கற்பனைசெய்து எழுதப்பட்டது. கைதியின் பெயரும் சமயமும் படையும் மாறிவிடும் ஒரு சிறையை அது எண்ணிப்பார்க்கவில்லை.

கப்பலின் பெயர்ப்பட்டியல் ஏட்டின் குறியீடுகளும் இதே குறைபாட்டைக் காட்டும். மாலுமியின் பணி முடிவுக்கு அதில் மூன்று குறிகள் முதன்மையானவை: விடுவிக்கப்பட்டவனுக்கு ‘டி’, இறந்தவனுக்கு ‘டிடி’, ஓடிப்போனவனுக்கு ‘ஆர்’. இறுதிக் குறி விழுந்தால் சேர்ந்த ஊதியம் முழுவதும் பறிபோகும். விடுவிக்கப்படாதவனாய், இறக்காதவனாய், ஓடாதவனாய்ப் பத்தாண்டுகள் வேறு பெயரில் வாழ்ந்தவனை இம்மூன்றில் எதனுள் அடக்குவது?

இதில் பணமதிப்பு என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தேர்ந்த மாலுமிக்கு 28 நாள் கொண்ட மாதத்துக்கு 24 ஷில்லிங், சாதாரண மாலுமிக்கு 19 ஷில்லிங் என்பது 1653 முதல் 1797 வரை மாறாத ஊதியம். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதமாகத் தேர்ந்த மாலுமிக்கு 15 பவுன் 12 ஷில்லிங் சேரும். பத்தாண்டுக்கு 156 பவுன். மாதந்தோறும் கிரீனிச் மருத்துவமனைக்கு ஆறு பென்சும் சாதம் நிதிப்பெட்டிக்கு ஆறு பென்சும் பிடித்தம் போக, 149 பவுன் 10 ஷில்லிங் எஞ்சும். கடற்படை ஊதியம் பெரும்பாலும் தாயகத் துறைமுகத்தில் கப்பல் பணி முடியும்போதுதான் வழங்கப்பட்டது. 1758இன் கிரென்வில் சட்டம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்ப வழிசெய்தது உண்மையே. ஆனால் அதற்கும் கப்பலும் ஏடும் கையொப்பமிடும் அதிகாரியும் வேண்டும். கடலூரில் கைமாறியவனுக்கு இம்மூன்றும் இல்லை.

சிறுவர்களின் நிலை இதனினும் கீழானது. 1794வரை கப்பற் சிறுவர்கள் அதிகாரிகளின் ‘பணியாளர்’ என்னும் பெயரிலேயே ஏட்டில் இடம்பெற்றனர். அவர்தம் ஊதியத்தைப் பெற்றவர் அவ்வதிகாரிகளே. மைசூர் அரசு தன் படைக்குத் தேர்ந்தெடுத்ததோ இவ்விளவயதினரைத்தான். மிக நீண்ட காலம் சிறைப்பட்டோர் மிகக் குறைந்த ஊதிய உரிமை உடையோராக இருந்தனர் என்பது இந்நிகழ்ச்சியின் ஆழ்ந்த முரண்களுள் ஒன்று. வில்க்சும் பிறரும் சுஃப்ரேனின் மனச்சான்றை அளந்துகொண்டிருந்தபோது இதனை எண்ணிப்பார்க்கவில்லை.

நிதியங்களின் எல்லை

மீண்டு வந்தவனுக்கு வேறு துணை இருந்ததா? 1694இல் நிறுவப்பட்ட கிரீனிச் மருத்துவமனை முதுமையாலும் காயத்தாலும் தளர்ந்த மாலுமிகளை உறைவித்துப் பேணியது. 1763 முதல் வெளியில் வாழ்வோர்க்கும் ஆண்டுக்கு 7 பவுன் ஓய்வுத்தொகை வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சாதம் நிதிப்பெட்டி பணியில் ஊனமுற்றோர்க்கு உதவியது. இரண்டும் உடலின் குறையை அளவுகோலாகக் கொண்டவை. சிறைக்காலம் அவற்றில் ஓர் உரிமைக்காரணமாக எண்ணப்படவில்லை.

இந்தியாவில் இருந்த பெரிய நிதியம் 1770இல் ஏற்பட்ட கிளைவ் நிதியம். மீர் ஜாபர் விட்டுச்சென்றதாகக் கூறப்பட்ட ஐந்து இலட்ச ரூபாயை முதலாகக் கொண்டது அது. கும்பினிப் படையில் தளர்ந்த ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் அது உரியது. மன்னரின் கடற்படை மாலுமி அதன் வரம்புக்குள் வாரான். ஒரே சிறையில், ஒரே விலங்கில் கிடந்த இருவருள் கும்பினிப் பீரங்கிவீரனுக்கு ஒரு நிதியமும் அரசக் கடற்படை மாலுமிக்கு வேறொன்றும் எனப் பிரிவினை நின்றது.

ஹியூசின் கப்பல்களில் ஆட்குறையை நிரப்பிய லஸ்கர்களுக்கும், இரு தரப்பிலும் கடலேறிய சிப்பாய்களுக்கும் இப்பிரிவினைகூட வாய்க்கவில்லை. லஸ்கர் சாரங்கின் வழியே அமர்த்தப்பட்டு அவன் வழியே கூலி பெற்றவன். அரசோடு அவனுக்கு நேருறவு இல்லாமையால், பிரிவினால் அறுபட ஓர் உரிமையும் இல்லை. கைதிகளைப் பற்றிய நூல்கள் ஐரோப்பியரைப் பெயர்பெயராகக் குறிக்கின்றன. இவர்களைத் தொகையாகவே குறிக்கின்றன.

மங்களூர் உடன்படிக்கைக்குப் பின்

1783 சூன் 20இல் கடலூருக்கு அப்பால் நடந்த கடற்போருக்குப் பின், ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்தது. ஸ்டூவர்ட்டின் கடலூர் முற்றுகை நின்றது. ஐரோப்பியர் தமக்குள் பிடித்த கைதிகளின் சிக்கல் அத்துடன் தீர்ந்தது. ஓராண்டுக்கு முன் அதே ஊரில் கைமாறியோர் அவ்வமைதியினால் பயன்பெறவில்லை. அவர்கள் அப்போது பிரான்சின் கைதிகளாக இல்லை. அவர்களுக்குரிய உடன்படிக்கை 1784 மார்ச் 11இல் மங்களூரில் ஒப்பமானது. எல்லாக் கைதிகளையும் விடுவிக்க வேண்டும் என்பது அதன் விதி. பலர் விடுதலை பெற்றனர். சேலாப் படையில் சேர்க்கப்பட்ட இளையோர் விடுவிக்கப்படவில்லை. சமயமும் பெயரும் மாறியோர் தாமே விரும்பித் தங்கினர் என்பது மைசூர் தரப்பின் நிலைப்பாடு. ஆகவே ‘கைதி’ என்னும் நிலையும் அவர்களை விட்டு நீங்கிற்று. ஊதியச் சட்டத்தில் எழுந்த அதே ஐயம், விரும்பியா வலிந்தா என்பது, இங்கு மறுபக்கத்திலிருந்து எழுந்தது. இரு அரசுகளின் பதிவேடுகளும் ஒரே காரணத்துக்காக அவர்களைக் கைவிட்டன எனலாம்.

ஸ்கர்ரி மூன்றாம் மைசூர்ப் போர்க்காலத்தில் சிலரோடு தப்பினார். தாயகம் திரும்பியபோது நாற்காலியில் அமரவும் கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவும் மறந்திருந்தார் என்றும், தாய்மொழி தடுமாறிற்று என்றும், ஐரோப்பிய உடை உடலுக்கு ஒவ்வாமற்போயிற்று என்றும் நூல் கூறுகிறது. இதனை வேடிக்கைச் செய்தியாக எடுத்தாள்வோர் பலர். பணியிலிருந்து பிரிந்தோன் குடிவாழ்வுக்குத் திரும்புவதன் இடர்ப்பாட்டுக்கு அக்காலத்தில் கிடைக்கும் அரிய நேர்ச்சான்றுகளுள் ஒன்றாகவே இது கொள்ளத்தக்கது. காயத்துக்கு நிதிப்பெட்டி இருந்தது. மறந்துபோன மொழிக்கு எந்தப் பெட்டியும் இல்லை.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. சேலாக்களாக்கப்பட்டோர்க்குக் கருநாடகப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பெண்களை மணம்செய்வித்தனர் என்கிறார் ஸ்கர்ரி. அவர் மனைவியும் குழந்தைகளும் மைசூரிலேயே விடப்பட்டனர். ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்களிலிருந்து மைசூர்ப் படை மக்களைப் பெருந்தொகையாக ஓட்டிச்சென்றமை பிற சான்றுகளாலும் அறியப்படுவது. எனவே கடலூரில் கைமாறிய மாலுமியின் குடும்பம் என்பது இங்கிலாந்தின் துறைமுக ஊரில் காத்திருந்த குடும்பம் மட்டுமன்று. ஒருவேளை தென்னார்க்காட்டிலோ வடவார்க்காட்டிலோ பிறந்து, அவனைப்போலவே வலிந்து பெயர்க்கப்பட்ட ஒரு பெண்ணும் அவள் பிள்ளைகளும் அக்குடும்பமே. கிரென்வில் சட்டம் ‘மனைவியர், குடும்பத்தினர்’ என்று கூறியபோது அவர்களைக் கருதவில்லை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை எஞ்சிய கைதிகளைப் பற்றிப் பேசியபோதும், எண்ணப்பட்டோர் படையினரே.